மலிவாக இருப்பதும் தேசத்தொண்டு

மலேசியாவில், கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் தேயிலை வெட்டுகிறவருக்கு மாதம் 1,700 வெள்ளிதான் என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். 2025 பிப்ரவரியில் அரசாங்கம் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளம் அதுதான், மறுக்கவில்லை. அப்போது பணமாற்றுக் கடையில் அதற்கு 400 அமெரிக்க டாலர்கூட வரவில்லை. ஆனால் உலக வங்கி வேறொரு டாலர் வைத்திருக்கிறது. அதை எவரும் அச்சடித்ததில்லை, எவர் சட்டைப்பையிலும் இருந்ததில்லை. அனைத்துலக டாலர் என்று பெயர். ஒன்றரை வெள்ளி வாக்கில் கொடுத்தால் ஒன்று கிடைக்கும். அந்தக் கணக்கில் நம் அண்ணன் மாதம் 1,100 டாலர் சம்பாதிக்கிறார். அவரிடம் சொல்லிவிடாதீர்கள், கடன் கேட்க ஆள் வந்துவிடும்.

நாட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டால் தலைக்கு ஆண்டுக்கு 35,000 டாலரைத் தாண்டுகிறது. மேடையில் பேச வசதியான எண்.

விலைவாசி வித்தியாசத்தைக் கழிக்காமல் இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் அது இதைவிடப் பெரிய பொய் என்பதும் உண்மை. அதற்காகத்தான் 1968இல் ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் விலை ஒப்பீட்டு வேலையைத் தொடங்கின. நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே மலிவாகக் கிடப்பது எது? கைபேசியா? காரா? முடி வெட்டுகிறவர், மங்கு கழுவுகிறவர், பிள்ளை பார்த்துக்கொள்கிற அக்கா, மலையில் கொழுந்து வெட்டுகிறவர், இவர்கள்தான் மலிவு. இரண்டு பேர் நிரையின் இரண்டு பக்கமும் நின்று வெட்டு இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஈரச் சரிவில் கால் வழுக்காமல் நகர, பின்னால் கட்டிய பை கொழுந்தால் உப்பிக்கொண்டே வரும். நிறைந்த மூட்டையைத் தோளில் ஏற்றிச் சாலைவரை கொண்டுபோக வேண்டும். இவர் கூலியைக் கூட்டாமல் வைத்தால் நாட்டில் வேலையாள் மலிவு. வேலையாள் மலிவானால் நாட்டின் வாங்கும் திறன் ஓங்கித் தெரியும். வயிற்றைக் கட்டி நாட்டை உயர்த்துகிற இவருக்கு ஒரு டத்தோ பட்டமாவது தரலாம்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நாளில் மட்டும் இந்த மாய டாலர் செல்லாது. வங்காளதேசத்துத் தம்பி முகப்பில் நீட்டுகிற வெள்ளிக்குச் சந்தை விலைதான். உலக வங்கி சொன்ன விலைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, வெள்ளியிலேயே பேசுவோம். 2023இல் நாட்டின் உற்பத்தியைத் தலைக்கு வகுத்தால் 54,000 வெள்ளிக்கு மேல். ஐந்து பேர் கொண்ட லயத்து வீட்டுக்கு மாதம் 22,000 வந்திருக்க வேண்டும். எங்கே போயிற்று? உற்பத்தியில் சம்பளமாகத் தொழிலாளர் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்குதான். அதை 45 விழுக்காடாக்குவோம் என்று அரசாங்கமே 2023இல் இலக்கு வைத்தது. இலக்கு வைக்கச் செலவில்லை.

எண்ணை வைத்து வறுமையை ஒழிப்பதில் நமக்கு முன் அனுபவமும் உண்டு. ஒரு குடும்பம் மாதம் 980 வெள்ளி சம்பாதித்தால் ஏழையில்லை என்று கோடு போட்டு வைத்திருந்தோம். 2016இல் வறுமை 0.4 விழுக்காடு! 2019இல் ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கோட்டை நம்ப முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அமைச்சுக்குக் கோபம் வந்தது. மறு ஆண்டே கோட்டை 2,208 வெள்ளிக்கு ஏற்றினார்கள். 2019இன் வறுமை 5.6 விழுக்காடு ஆயிற்று. அதுவரை ஏழையில்லை என்று ஒதுக்கப்பட்டு உதவி கிடைக்காமல் போனவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

அந்த 5.6இலும் வெளிநாட்டுத் தொழிலாளி இல்லை. குடும்ப வருமான ஆய்வு குடிமக்களின் கதவைத்தான் தட்டும். நாட்டு வருமானத்தை வகுக்க மட்டும் அவர் தலை வேண்டும்; அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் இதே கம்போங் ராஜாவில், புளூவேலிப் பக்கம் மண் சரிந்து மியன்மார்க்காரர்கள் ஐந்து பேர் செத்தார்கள். வகுக்கும் எண்ணில் ஐந்து குறைந்தால் ஈவு கூடும். அந்த ஆண்டு தனிநபர் வருமானம் ஏறியதில் அவர்கள் பங்கும் இருக்கிறது.