ஜெல் ஆக்குவது எப்படி?

கிளைகள் மலிந்த பாலிமர் செய்யக் கிளம்பும் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் ஜெல்லில்தான் போய் முடிகிறார்கள். கிளையோடு கிளை பிணைந்து குடுவை முழுக்க ஒரே மூலக்கூறாகிவிடும்; எந்தக் கரைப்பானை ஊற்றினாலும் கரையாது, ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பும். எப்போது இப்படி ஆகும் என்று பால் ஃபிளோரி 1941லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். எப்படியும் அங்கேதான் போகப்போகிறோம் என்றால் முறையாகவே போகலாமே.

தொடக்கியும் மோனோமரும் ஒரே மூலக்கூறில் அமைந்த இனிமரை 1995இல் ஃபிரெஷே குழு அறிமுகப்படுத்தியது. அந்தப் பக்கம் போகாதீர்கள். அதில் ஜெல் கிடைப்பது அரிது.

மெத்தில் மெத்தாக்ரிலேட்டில் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட்டைக் கலந்து ஏடிஆர்பி (அணு மாற்றத் தனியுறுப்புப் பாலிமராக்கம்) செய்யுங்கள். இரண்டாவதற்கு இரண்டு இரட்டைப் பிணைப்புகள். இரண்டு சங்கிலிகளை ஒன்றாக இழுத்துக் கட்டும். எத்தனை தொடக்கி மூலக்கூறோ, ஏறக்குறைய அத்தனை சங்கிலி. சங்கிலிக்கு ஒரு கட்டு என்ற அளவுக்குள் நின்றால் எல்லாம் கரைந்தே இருக்கும். ஆகவே சிக்கனம் என்று சொல்லித் தொடக்கியைப் பாதியாக்குங்கள். கரைப்பானையும் குறைத்துவிடுங்கள். நீர்த்த கரைசலில் சங்கிலி தன்னையே வளைத்துக் கட்டிக்கொண்டு, வீணாக வளையம் போட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது. உறைய வைத்து, காற்றை உறிஞ்சி, உருக விட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்து ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். கொஞ்சம் தங்கினாலும், பைபிரிடினோடு சேர்ந்து அடர்பழுப்பாக இருந்த வினையூக்கித் தாமிரம் பச்சையாகிவிடும். பிறகு ஜெல்கூட வராது.

நடுவில் மாதிரி எடுத்துப் பார்க்கவே வேண்டாம். வினையின் கடைசிக் கட்டத்தில்தான் கிளைகள் அவசர அவசரமாக இணையும். ஆகவே இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். காலையில் காந்தக் கலக்கி சுற்றாமல் நின்றிருந்தால் காரியம் கைகூடியது. குடுவையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கைடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கெட்ட நேரம், கரைந்தே தொலைத்தது என்று வையுங்கள். அலுமினா வழியே விட்டுத் தாமிரத்தை நீக்கி, மெத்தனாலில் வீழ்படிவாக்கி, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜிபிசியில் போடுங்கள். ஒளிச்சிதறல் உணர்கருவி பக்கத்திலேயே இருக்கும், தொடாதீர்கள். நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீனை வைத்தே அளவிடுங்கள். கிளைத்த மூலக்கூறு கச்சிதமாகச் சுருண்டு தாமதமாக வெளிவருவதால், எடை உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பி, "இன்னும் வளரவில்லை" என்று அடுத்த முறை இன்னும் நாலு மணி நேரம் கூட்டுங்கள்.