துபாய் பக்கம், மார்த்தாண்டம் தூரம்

திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு வான்வழியில் சுமார் 2,950 கிலோமீட்டர். விமானத்துக்கு நாலு மணி நேரம் போதும். நாகர்கோவிலிலிருந்து அதே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் சாலைவழியே 70 கிலோமீட்டர் சொச்சம். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் நாஞ்சில் நாட்டுக்காரர் பதில் சொல்ல மாட்டார். "எப்பம் பொறப்படுதிய?" என்று திருப்பிக் கேட்பார்.

கேள்வி நியாயமானது. வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என வழியிலுள்ள ஒவ்வொரு ஊரும் வண்டியை நிறுத்திவைத்து நலம் விசாரித்துத்தான் அனுப்பும். மார்த்தாண்டத்துக்கு மேம்பாலம் வந்தது. நெரிசல் பாலம் இறங்குகிற இடத்தில் போய்க் காத்திருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய். அப்போதும் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம்தான். அந்த வேகத்தில் விமானம் பறந்தால் துபாய் சேர நாலு நாளுக்கு மேல் ஆகும்.

குமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. வாகைக்குளத்தில் தூத்துக்குடி நிலையம் உண்டு என்றாலும் வளைகுடாவில் பிழைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கதி. ஒருகாலத்தில் அது உள்ளூர் சங்கதி. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1930-களில் அமைத்த நிலையம் அது. நாஞ்சில் நாடும் அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்தது. ஓடுபாதை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஓடுபாதையிலிருந்து அளந்தால் தலைநகர் சென்னை சுமார் 615 கிலோமீட்டர், மாலத்தீவின் மாலே அதைவிடக் கொஞ்சம் பக்கம். கொழும்போ 360-க்குள் அடங்கிவிடும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளுவது ஓடுபாதையைக் கடந்துதான். அன்று சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். விமானிகளுக்கு முன்கூட்டியே முறைப்படி அறிவிப்பும் போய்விடும். மார்த்தாண்டத்திலும் யாராவது இப்படி அறிவித்தால் புண்ணியமாகப் போகும்.

கடிகாரம் வேறு தன் பங்குக்குக் குழப்பும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போவதற்கு இரண்டரை மணி, வருவதற்கு ஐந்தரை மணி. "போவும்ப பறந்துட்டு, வரும்ப நடந்தா வருது?" என்பார் அம்மை. உண்மையில் குளிர்காலத்தில் உயரத்தில் வீசும் மேல்காற்று, திரும்பிவரும் விமானத்தைத்தான் பின்னாலிருந்து தள்ளும். அதை அம்மையிடம் விளக்கப்போய் ஜெயித்தவர் யாருமில்லை. குளச்சல், தூத்தூர் பக்கத்து மீனவர்களுக்கு மட்டும் எல்லாம் சட்டென்று விளங்கும். விமானியும் அவர்களைப்போலக் கடல் மைலில்தானே தூரத்தை அளக்கிறார்? ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், துபாய்க்குச் சுமார் 1,590.

வழியனுப்புவது தனிப் பயணம். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் கருவாடும் அடைத்த பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு ஆளுக்காக ஒரு வேன் நிறைய சனம் கிளம்பும். விமானம் ஏறிப் போனபின் சும்மா திரும்புவார்களா? பாலராமபுரத்தில் கைத்தறி பார்க்க வேண்டும், களியக்காவிளையில் சாப்பிட வேண்டும், குழித்துறையில் சித்தி வீட்டில் தலைகாட்டாமல் வந்தால் அது ஒரு வருஷத்துச் சண்டை. வேன் தக்கலையில் டீக்கு நிற்கையில் போன் வரும்.

"அப்பா, எறங்கியாச்சு."

"நாங்க இன்னும் எறங்கல்ல மக்கா."