குண்டூசி விழுந்தால் கேட்கும் வகுப்பு

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவைக் கணக்கு வாத்தியார் ஒருவர் கட்டி ஆள்கிறார். பாடம் நடத்துகிறார் என்று சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அந்த வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். வராந்தாவில் சுற்றிவரும் ஹெச்.எம். அந்த வாசலில் மட்டும் ஒரு நிமிடம் நின்று, பெருமையாகத் தலையசைத்துவிட்டுப் போவார். உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அத்தனை அமைதியைக் கலைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இந்தச் சாதனையின் அச்சாணி லீடர். வாத்தியார் டீ குடிக்கப் போகும்போது சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். போர்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு; அதன் தலையில் 'பேசியவர்கள்'. பெயர்கள் ஏறத் தொடங்கும். மறுபடி வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினால் இரண்டு, மூன்று. 'மிக மிக அதிகம்' என்று எழுதி அடிக்கோடும் போடுவான். தேன்மிட்டாய் ஒன்று கைமாறினால் பெயர் அழிந்துவிடும். முந்தாநாள் கிரிக்கெட்டில் அவுட்டை ஒப்புக்கொள்ளாதவன் பெயர், அவன் வாயே திறக்காமல் ஏறிவிடும். அதிகாரம், கையூட்டு, பழிவாங்கல் மூன்றையும் பதின்மூன்று வயதிலேயே செய்முறையாகக் கற்றுத்தரும் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன? குடிமையியல் பாடம் மனசில் இப்படிப் பதியாது.

டீ முடிந்து வந்ததும் தீர்ப்பு. விசாரணை கிடையாது; நம் நீதிமன்றங்களில் வழக்குகள் ஏன் தேங்குகின்றன என்பது அப்போதுதான் புரியும். ஒரு குறிக்கு பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். இரண்டுக்கு வாசலில் முட்டி போட வேண்டும். மூன்றுக்கு 'இனிமேல் வகுப்பில் பேச மாட்டேன்' என்று நூறு முறை இம்போசிஷன். இரண்டு பேனாக்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் இரண்டு வரி எழுதப் பையன்கள் பழகிவிட்டார்கள். அந்த வகுப்பில் சொந்த மூளையால் நடந்த ஒரே கண்டுபிடிப்பு அது.

வாத்தியார் சட்டத்தை மதிப்பவரும்கூட. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் கூடாது, மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. அன்றிலிருந்து பிரம்பை அவர் மேசை மேல் வைப்பதே இல்லை. பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதையும் இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறார்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், வேறு வேலை இல்லாமல், வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் ஒரு புத்தகம் போட்டார். சேட்டை நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறோம் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வருவதில்லையாம். சேட்டை முளைக்கும் முன்பே ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறதாம் சூட்சுமம். முதுகிலும் கண் இருப்பதுபோல் மூலைமுடுக்கெல்லாம் கவனிக்க வேண்டும். ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே மற்றவர்கள் மேலும் ஒரு கண் வேண்டும். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகையில் தொய்வு விழக் கூடாது. இதற்கெல்லாம் ஆசிரியர் வகுப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும், தயாரித்துக்கொண்டும் வர வேண்டும். டீ ஆறிவிடாதா?

பக்கத்து 'ஏ' பிரிவு டீச்சருக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. பையன்கள் உள்ளே நுழையும்போதே போர்டில் ஒரு கணக்கு காத்திருக்கும். பூஜ்ஜியம் விகிதமுறு எண்ணா இல்லையா என்று இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே சண்டையே நடக்கும். "என்ன டீச்சர், சந்தைக்கடை மாதிரி இருக்கு?" என்று ஹெச்.எம். ஒருமுறை கண்டித்தும் அவர் திருந்தவில்லை.

'பி' பிரிவில் அப்படியெல்லாம் விட்டுவிட மாட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தினமும் மூன்று குறி வாங்குகிறான். போர்டில் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்துப் பையனிடம் கேட்கிறான், அவ்வளவுதான். கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்தை இம்போசிஷன் போட்டே தீர்க்கப் பார்க்கும் விடாமுயற்சி வேறு யாருக்கு வரும்?

கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 5-ல் தரும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதுக்கு இந்த வாத்தியார் பெயரைத் தவறாமல் பரிசீலிக்க வேண்டும். அப்படியே அவர் சம்பளத்தில் பாதியை லீடருக்குத் தரவும் ஆணையிட வேண்டும். வகுப்பைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.