மர்ம நபருக்கு ஒரு மனு

அனுப்புநர்: சோழபுரத்துக்காரன் ஒருவன், ராஜபாளையம் வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: மாண்புமிகு மர்ம நபர் அவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலை.

பொருள்: மலையை எரிப்பதில் சற்றே தாட்சண்யம் காட்டக் கோருவது தொடர்பாக.

ஐயா,

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கென்று எழுதிய மனு இது. கடைசி நேரத்தில் பெறுநரை மட்டும் மாற்றினேன். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்பதுதானே முறை? மாசி பிறந்துவிட்டால் எங்கள் மேற்கு வானம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் தாங்கள்தான். சேத்தூர் மலை எரிந்தாலும், தேவதானம் மலை எரிந்தாலும், செண்பகத்தோப்புப் பக்கம் புகைந்தாலும், "மர்ம நபர்கள் தீ வைத்திருக்கலாம்" என்ற ஒரே வரியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எத்தனை கலெக்டர், எத்தனை ரேஞ்சர் மாறினார்கள்! ஆட்சியே மாறியது. இடமாறுதல் இல்லாமல், ஓய்வு வயதும் இல்லாமல், அதே பொறுப்பில் இருப்பவர் தாங்கள் ஒருவரே.

தங்கள் ஆளுகைப் பரப்பும் வளர்ந்திருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்கென்று 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பலகை பெரிதாகிவிட்டது. சரணாலயத்துக்குள் தீ வைப்பது குற்றம் என்று 1972-ம் வருடத்து வன உயிரினச் சட்டம் சொல்கிறதாம். சொல்லட்டும், பெயரே இல்லாதவரை எந்தக் கூண்டில் ஏற்றுவார்கள்?

தங்களைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். மழைக்குப் பின் இளம்புல் வர வேண்டுமென்று கொளுத்துகிறவர் என்கிறார் ஒருவர். தேனெடுக்கப் போனவர், வேட்டைக்குப் போனவர், பீடித்துண்டை அணைக்காமல் எறிந்தவர் என்கிறார்கள் மற்றவர்கள். மூங்கிலோடு மூங்கில் உரசிப் பற்றியது என்று தங்களைக் காப்பாற்றவும் ஆள் இருக்கிறது. தோப்பு ஓரத்து மூங்கில்கள் மட்டும் ஏன் உரசாமல் ஒழுக்கமாக நிற்கின்றன என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

தங்களைப் பிடிக்க அரசு செய்திருக்கும் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் சூட்டைக் கண்டுபிடிக்கும். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் அலுவலரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். அதுவரைக்கும் இருபத்தோராம் நூற்றாண்டு. போனிலிருந்து மலைக்கு ஏறுவது மனிதக் கால். ஏறிப்போய் அணைப்பது பச்சைக் கொப்பு! கூலிக்கு நிற்கும் வாட்ச்சர்களும் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினரும் கொப்பை ஒடித்து, முகம் வெந்து, கண் எரிந்து, அடி அடியென்று அடித்து அணைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுப்பது பற்றி யோசிக்க விண்வெளியில் இன்னும் கருவி ஏவவில்லை போலும்.

2018 மார்ச் 11, குரங்கணி. தாங்கள் மறந்திருக்கலாம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்த பிள்ளைகளில் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு வந்த தீயை ஓடி முந்த முடியவில்லை அவர்களால். இதில் கேலி செய்ய எனக்கு எதுவும் இல்லை. அதன்பின் விசாரணை வந்தது, அறிக்கை வந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் பணம் கட்டி இணையத்தில் பதிவு செய்யும் திட்டமும் வந்தது. கோடை வந்ததும் அதை நிறுத்திவைக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பாருங்கள், பெயர் கொடுத்துப் பணம் கட்டி வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் தடை. தாங்கள் டிக்கெட் எடுப்பதில்லை, கேட்டுக்கு வருவதுமில்லை.

சதுரகிரி கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் என்று நாள் குறித்துத்தான் அப்போது எங்களை விட்டார்கள். 2023 ஜூலையில் அப்படி அனுமதியோடு ஏறிய சனம், காட்டுத்தீயால் இறங்க வழியில்லாமல் மகாலிங்கம் சந்நிதியிலேயே தங்கியது. தங்களுக்குத் திதி பார்க்கும் வழக்கம் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடிவாரத்துத் தோப்புக்காரர் பாடு தனி. சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ணமும் காய்த்துத் தொங்கும் மாதம்தான் தாங்கள் மும்முரமாக இருக்கும் மாதம். மேலே புல்லும் மூங்கிலும் கருகினால் யானை எங்கே போகும்? தென்னங்குருத்துக்குத்தான். பின்னாலேயே பன்றி. ராத்திரி முழுக்க டார்ச்சும் வெடியுமாக உட்கார்ந்திருக்கிறார் மனிதர். (சிவகாசி பக்கம் என்பதால் வெடிக்கு மட்டும் குறைவில்லை.) விடிந்ததும் முறிந்த தென்னைகளை எண்ணி, போட்டோ எடுத்து, நிவாரணத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். முதல் மழைக்கு, பிடிமானமில்லாத மேல்மண்ணும் சாம்பலும் ஓடையில் இறங்கும். ராஜபாளையம் குடிக்கிற தண்ணீரும் அதே மலையிலிருந்துதான் வருகிறது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது எங்கள் டீக்கடை டி.வி.யில் பார்த்தோம். ஹாலிவுட் நடிகர் வீட்டு நீச்சல்குளம்வரை காட்டினார்கள். எங்கள் மலையில் நடிகர் யாரும் வீடு கட்டவில்லை. தரையோடு ஊர்கிற ஆமைக்கும், முட்டையை விட்டுப் பறக்கத் தெரியாத கவுதாரிக்கும் நேரலை கிடையாது.

ஆகவே ஐயா, தங்களை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணம் வந்து சேர்ந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு, அதற்கப்புறம் தீக்குச்சியை உரசினால் போதும். அந்தப் பணம் எப்போது வரும் என்பது தங்களைவிடப் பெரிய மர்மம் என்பதால், எங்களுக்குச் சில வருடமாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
மலையை மாடியிலிருந்து மட்டும் பார்க்க அனுமதிக்கப்பட்டவன்.

இணைப்பு: இன்று காலை எங்கள் வீட்டுக் கூழ்வத்தல் மேல் வந்து விழுந்த கரித்தூள், ஒரு பொட்டலம்.