அடுத்த பெட்டிக்காரர்

பெண் பார்க்கப் போகிறவர்களிலும் மனை வாங்க அலைகிறவர்களிலும் முடிவு செய்யத் தெரியாதவர்கள் உண்டு; ஆனால் அவர்களுடைய தயக்கத்துக்கு என்றாவது ஒரு நாள் சுற்றத்தாரே முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். சுற்றத்தார் எவரும் தலையிட விரும்பாத ஒரு விவகாரத்தில், அதாவது டி.வி.யோடு இணைத்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டியைப் புதிதாக மாற்றலாமா வேண்டாமா என்ற விவகாரத்தில், வருஷக்கணக்காக நிதானம் தவறாமல் ஆலோசித்துக்கொண்டிருக்கும் ஒரு ரகத்து மனிதர் சென்னையில் பெருகிவருகிறார்.

ஆசாமியை அடையாளம் காண்பது கடினமல்ல. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். தரமணியிலோ சிறுசேரியிலோ கம்ப்யூட்டர் உத்தியோகம். மனம் வைத்தால் எந்தப் பெட்டியையும் ரொக்கம் கொடுத்தே வாங்கிவிடக்கூடிய சௌகரியம். ஆகவே இது தரித்திரத்தில் பிறந்த தயக்கம் அன்று, சாஸ்திரோக்தமான தயக்கம். அவர் வீட்டிலிருப்பது பிளேஸ்டேஷன் 4, சுருக்கமாக பி.எஸ்.4. 2014 ஜனவரியில் அது இந்தியாவுக்கு வந்த புதிதில் வாங்கியது. சித்திரை வெயிலில் அதை இயக்கினால் உள்ளேயிருக்கும் விசிறி போடுகிற கூச்சலைக் கேட்டு, அடுக்களையிலிருந்து அம்மையார், “நான்தான் மிக்ஸியை நிறுத்திட்டேனே, இன்னும் எங்கேருந்துங்க சத்தம் வருது?” என்று விசாரிப்பதுண்டு. அவர் எழுந்து போய், பழைய டூத் பிரஷ் ஒன்றால் பெட்டியின் பின்புறத்துத் தூசியைத் தட்டிவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்” என்பார். எத்தனை வருஷம் கழிந்தாலும் அந்த இரண்டு மட்டும் ஒன்றாகக் குறைந்ததில்லை.

இந்த எச்சரிக்கைக்குப் பூர்வ சரித்திரம் உண்டு. பி.எஸ்.2 கொடிகட்டிப் பறந்த காலத்தில், பெட்டிக்குள் சிப் போட்டுக்கொண்டு, பர்மா பஜாரில் மலிவாகக் கிடைத்த திருட்டு டிஸ்க்குகளைப் போட்டு ஆடி வளர்ந்த தலைமுறை அவருடையது. பிறகு சம்பாதிக்கத் தொடங்கி, பாவம் கழுவுகிற சங்கல்பத்தோடு, உரிய விலை கொடுத்து பி.எஸ்.3 டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓர் அலமாரியை நிரப்பிய சமயத்தில், பி.எஸ்.4 வந்து அவற்றில் ஒன்றைக்கூட ஏற்கமாட்டேன் என்று துப்பிவிட்டது. திருட்டுச் சரக்கை ஏற்ற உலகம் நேர்மையான சரக்கை நிராகரித்துவிட்டதே என்ற தாபம் அன்று அவர் நெஞ்சில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. பி.எஸ்.5 அப்படிப்பட்டதல்ல, பி.எஸ்.4 ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அது ஏற்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால், “அந்த ஆட்டங்களை ஆடத்தான் பழைய பெட்டியே இருக்கே?” என்று கேட்டு எதிராளியைத் திகைக்க வைப்பார்.

பி.எஸ்.5 அயல்நாடுகளில் 2020 நவம்பரிலும், இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதியும் வெளிவந்தது. டிஸ்க் போடுகிற ரகம் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. முன்பதிவு திறந்த சில நிமிஷங்களுக்குள் சரக்குத் தீர்ந்தது. அந்தச் சில நிமிஷங்களில் நம்மவர், கைபேசியைக் கையில் பிடித்தபடியே, இரண்டில் எது உத்தமம் என்ற பூர்வபட்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். டிஸ்க் என்றால் ஆடி முடித்ததும் விற்கலாம், மைத்துனனுக்கு இரவல் தரலாம், திருப்பித் தராவிட்டால் அதைச் சொல்லிக்காட்டலாம். டிஸ்க் இல்லாத பெட்டியில் பத்தாயிரம் மிச்சம்தான், ஆனால் அப்புறம் ஒரே கடை, அவன் சொன்னதே விலை. விசாரணை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது சரக்கு இல்லை. “நல்லதாப் போச்சு. முதல் சரக்குல கோளாறு இருக்கும்” என்றார்.

அதன் பிறகு தட்டுப்பாடு நீங்கட்டும் என்று காத்திருந்தார். தட்டுப்பாடு நீங்குகிற சமயமாகப் பார்த்து, 2022-இன் இறுதியில், விலை 54,990 ஆக உயர்ந்தது. ஏறியது இறங்கட்டும் என்று காத்திருந்தார். 2024 ஏப்ரலில் உடம்பு மட்டும் இளைத்து, விலை இளைக்காமல், ஸ்லிம் வந்து சேர்ந்தது. அதற்குள் ப்ரோ வரப்போகிறது என்ற வதந்தி. இளைத்ததை வாங்கி வைத்துக்கொண்டு வலியதைப் பார்த்து வயிறெரிய எந்த விவேகி சம்மதிப்பான்? அந்த ப்ரோவும் நவம்பரில் அமெரிக்காவில் எழுநூறு டாலருக்கு, டிஸ்க் போடுகிற வாய்கூட இல்லாமல் வந்தது, இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7 உபயோகிக்கிற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்நாட்டில் அப்போது அனுமதி இல்லை என்பது காரணம். செய்தியைப் படித்த அன்று நம்மவர் முகத்தில் தோன்றிய தேஜஸைப் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டுக் கூடத்தில் ஒருவர் முடிவெடுக்காமலிருப்பதற்கு மத்திய சர்க்காரின் அலைக்கற்றைக் கொள்கையே துணை நிற்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நடுவில் ஆபத்து ஒன்று வந்ததுண்டு. ஹொரைசன், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் ஆகிய பெரிய ஆட்டங்களெல்லாம் 2022-இல் பழைய பெட்டிக்கும் சேர்த்தே வந்து அவருடைய கட்சியைப் பலப்படுத்தியிருக்க, 2023 அக்டோபரில் ஸ்பைடர்மேன் 2 மட்டும் பி.எஸ்.5-க்கே என்று பிறந்துவிட்டது. இரண்டு நாள் சஞ்சலப்பட்டார். பிறகு, 2018-இல் வந்த முதல் ஸ்பைடர்மேனையே தாம் பாதியில் விட்டிருப்பது நினைவுக்கு வரவே, முறையாக அதை முடித்த பிறகுதான் மற்றது என்று தீர்மானித்தார். அது இன்னும் பாதியிலேயே இருக்கிறது.

வெறும் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிடலாகாது, மனிதர் உழைக்கிறார். எக்ஸெல் தாளில் பட்டியல் வைத்திருக்கிறார். பழையதன் வேகம் 1.84 டெராஃப்ளாப், புதியதன் வேகம் 10.28 என்பதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார். புதிய பெட்டி 4கே தெளிவில் நொடிக்கு 120 படம் காட்டும் என்றால், அதைத் தாங்குகிற எச்.டி.எம்.ஐ. 2.1 உள்ள டி.வி. வேண்டும், அப்படிப்பட்ட டி.வி. வாங்குவதென்றால் 55 அங்குலத்துக்குக் குறைவாக வாங்குவது மூடத்தனம், 55 அங்குலம் வந்தால் இப்போதுள்ள ஸ்டாண்டு போதாது, போதும் என்றே வைத்துக்கொண்டாலும், 39 சென்டிமீட்டர் உயரமும் நாலரைக் கிலோ எடையுமுள்ள முதல் ரகத்துப் பெட்டி அதன் தட்டில் நிற்காது, டி.வி.யைச் சுவரில் மாட்டலாமென்றால், அந்தச் சுவரில் காலஞ்சென்ற மாமனாரின் மாலையிட்ட படம் இருக்கிறது. ஐம்பதாயிரத்தில் புறப்பட்ட பிரேரணை இரண்டு லட்சத்தைத் தாண்டி மாமனாரிடம் போய் முட்டி நிற்கும். “எங்கப்பா இருக்கிற இடத்துல இருக்கட்டும். நீங்க வேணும்னா பெட்டியை மடியில வச்சுக்கிட்டு ஆடுங்க” என்று அம்மையார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ரிச்சி தெருக் கடைகளில் அவருக்குத் தனி மரியாதை உண்டு.

“என்ன சார், இந்த வாட்டியாவது பில்லு போட்டுரலாமா?”

“இருப்பா. இதுல லிக்விட் மெட்டல் கூலிங்தானே? நிமிர்த்தி வச்சா ஒழுகுதுன்னு ஒரு பேச்சு இருக்கே?”

“அப்ப படுக்க வச்சுக்குங்க சார்.”

“படுக்க வச்சா ஸ்டாண்டுல அகலம் பத்தாதேப்பா.”

இந்தச் சம்பாஷணை அரை மணி நேரம் நீளும். அவருடைய விரிவுரையை முதுகுப் பக்கம் நின்று கேட்கிறவர்களில் ஒருவரிருவர் தெளிவு பெற்று வாங்கிக்கொண்டு போவதால், அவருக்கு டீ வரவழைத்துக் கொடுப்பதில் கடைக்காரர் நஷ்டம் காண்பதில்லை. அவரைப் பரிகசிக்கிறவர்களிலோ பெரும்பாலோர், வாங்கிய மாதத்திலேயே பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தவர்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மூடி வைத்தவர்களைவிட அவருக்கு அந்தப் பெட்டி நன்றாகத் தெரியும்.

தற்போது அவர் ஜி.டி.ஏ. என்ற ஆட்டத்தின் ஆறாம் பாகத்துக்காகக் காத்திருக்கிறார். ஐந்தாம் பாகம் 2013-இல் வந்தது. ஆறாவதன் முதல் முன்னோட்டத்தை 2023 டிசம்பரில் காட்டி 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். பிறகு நவம்பர் 19 என்றார்கள். பி.எஸ்.4-க்கு அது வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு வாங்கியே தீரவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் ஒவ்வொரு ஒத்திவைப்பின்போதும் தம்மைப்போல் அவசரப்படாமல் அதைத் தயாரிக்கிற ராக்ஸ்டார் கம்பெனியைப் பற்றி ஒருவித சகோதர வாஞ்சையோடு பேசுகிறார்.

இதற்கிடையே எதிர் ஃப்ளாட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பேரனின் நச்சரிப்புத் தாங்காமல், “தம்பி, இதுல எது வாங்கறது?” என்று வந்து கேட்டார்.

“யோசிக்கவே யோசிக்காதீங்க அங்கிள். டிஸ்க் போடற ஸ்லிம். இன்னிக்கே எடுத்துடுங்க” என்று அரை நிமிஷத்தில் சொல்லி அனுப்பினார் நம்மவர். பெரியவரும் அன்று மாலையே வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைப் பரிசோதித்துக் கொடுக்கிற வியாஜத்தில் அங்கே போன நம்மவர், தன் முறை எப்போது வரும் என்று பேரன் பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கண்ட்ரோலரில் சார்ஜ் தீரும்வரை ஆடிவிட்டு எழுந்து, பெரியவரைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு அங்கிள். இருந்தாலும் நீங்க இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.”