திருகாணி மீது வழக்கில்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் நாள் தொடங்குவதால், அதற்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள சுடுதளங்கள் விசாரணை மன்றங்களாக மாறிவிடுகின்றன. நேற்று நடுவில் பட்ட குண்டு இன்று ஒரு சாண் தள்ளிப் பட்டால், காற்று, தோட்டா, குழல், கண்ணாடியைக் கடைந்தவர் என எல்லார் மீதும் வரிசையாகக் குற்றம் சாட்டப்படுகிறது. திருகாணி ஒன்றுதான் விசாரணைக்கு அழைக்கப்படாமல் தப்புகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கக்கூடிய கலைகளுள் துப்பாக்கி சுடுதலும் ஒன்று.

ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி துப்பாக்கியின் மீது நேராக அமர்வதில்லை. துப்பாக்கியின் மேற்புறத்தில் ஒரு பட்டையும், பட்டையின் மீது இரண்டு வளையங்களும், வளையங்களுக்குள் ஸ்கோப்பின் குழாயுமாக, திருகாணிகளால் இறுக்கப்பட்டு அது அடுக்கடுக்காக நிற்கிறது. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள வளையங்களுள் ஒன்று 0.07 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன் அளவுக்கு விலகினாலே, குறி 100 மீட்டரில் 7 சென்டிமீட்டரும் 300 மீட்டரில் 21 சென்டிமீட்டரும் பிசகிப் போக, மான் மயிரிழையில் உயிர் தப்புகிறது.

இதைத் தடுக்கும் முறை எளியது என்பதாலேயே பலரால் இகழப்படுகிறது. திருகாணிகளின் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்தபின், வளையத்தைக் குழல்முனைப் பக்கமாகத் தள்ளி, பட்டையின் குறுக்குப் பள்ளத்தின் முன்சுவரோடு ஒட்டவைத்து முடுக்க வேண்டும். ஏனெனில், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்க, ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்க விரும்புகிறது. வளையத்தின் மேல்மூடித் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்குவிசையே போதும். அதை அளந்து காட்ட டார்க் ரெஞ்ச் என்னும் கருவி இருந்தும், தம் முன்கையையே அளவுகோலாகக் கொண்ட வீரர்கள், திருகாணி முனகும்வரை முறுக்கி, அலுமினியக் குழாயை நசுக்கிவிட்டு, ஸ்கோப் தரமற்றது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இடையே பொதுவாக 9 சென்டிமீட்டர் அளவில் விடப்படும் கண்தொலைவைச் சுருக்கியவருக்கு, உதைப்பு புருவத்தின் மேல் பிறை வடிவில் ஒரு முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. உள்ளே தெரியும் குறுக்குக்கோடு சாயாதிருக்க, எதிரே தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, அதனோடு செங்குத்துக் கோட்டை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு பக்கத் திருகாணிகளை மட்டும் முதலில் முடுக்கினால் குழாய் அந்தப் பக்கமாகவே உருண்டுவிடுமாதலால், இருபுறமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கும் பொறுமை தேவைப்படுகிறது. வேட்டைக்கு முந்தைய இரவில் அது எவரிடமும் இருப்பதில்லை.

எல்லாம் முடிந்தபின், திருகாணித் தலையிலிருந்து வளையம்வரை சிறு வண்ணக்கோடு ஒன்றைத் தீட்டிவைப்பது கைதேர்ந்தோர் வழக்கம். கோடு முறிந்திருந்தால் திருகாணி தளர்ந்தது தெளிவு. கோடு நேராகவே இருந்தும் குறி தவறினால், பழிசுமத்த எஞ்சியிருப்பவர் விசையை இழுத்தவர் ஒருவரே. இத்தனை மலிவான கோட்டைப் பலர் தீட்டாமலே விட்டுவிடுவதற்கு வண்ணத் தட்டுப்பாடு காரணமாக இருக்க முடியாது.