இரணியனுக்குப் பதில் பிரகலாதன்

தலைவர்களை நினைவுகூர்வதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. தூரத்துத் தலைவராகப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். தூரம் கூடக்கூட என் தைரியமும் கூடும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் அடிமைகளைத் திரட்டிய ஸ்பார்டகஸ் என்றால் எனக்கு மீசை துடிக்கும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியவர்கள் என்றால் கண் கலங்கும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செங்கல் சூளை என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். பஸ்ஸில் போய்வருகிற அந்த நேரத்தில்தான் ஹோவர்ட் ஃபாஸ்ட் எழுதிய ‘ஸ்பார்டகஸ்’ நாவலைப் படித்தேன். படித்தவன் சும்மா இருந்திருக்கலாம். கூட்டேரிப்பட்டில் ஏறி என் பக்கத்தில் உட்காருகிறவருக்கெல்லாம் விக்கிரவாண்டி வரை கதை சொல்ல ஆரம்பித்தேன். அதில் ஒருவர் சங்கத்துக்காரர். மே தினக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கிடந்து மீண்டு வந்த இருளர் குடும்பங்கள். நான் விடவில்லை. கி.மு. 73-இல் காப்புவா நகரத்து வாட்போர் அடிமைகளின் பள்ளியிலிருந்து எழுபத்துச் சொச்சம் பேர் சமையற்கட்டுக் கத்திகளோடு தப்பியதில் தொடங்கி, கிராசஸ் என்ற பணக்காரத் தளபதியிடம் கி.மு. 71-இல் தோற்றது வரைக்கும், பிடிபட்ட ஆறாயிரம் பேரை ரோமுக்குப் போகிற ராஜபாட்டை நெடுகச் சிலுவையில் அறைந்தது வரைக்கும், மூச்சு வாங்காமல் பேசினேன். கைதட்டினார்கள். முடித்துவிட்டு டீக்கிளாஸை எடுத்தபோது ஒரு பாட்டி எழுந்து கேட்டார்:

“அவுரு இன்னா கேட்டாரு சார்?”

“யாரு பாட்டி?”

“அந்தத் தலைவருதான். கூலி ஒசத்தி கேட்டாரா, ஊட்டுக்கு அனுப்பச் சொன்னாரா? இன்னா கேட்டாரு?”

என்னிடம் பதில் இல்லை. சிலுவை எத்தனை என்று தெரிந்தவனுக்குக் கோரிக்கை என்ன என்று தெரியவில்லை. ஸ்பார்டகஸ் தன் கையால் எழுதி வைத்த ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை; அவரைப் பற்றி எழுதிய புளூட்டார்க்கும் அப்பியனும் எசமானர்களின் உலகத்து ஆட்கள். கொள்ளைப் பொருளைச் சமமாகப் பங்கு வைத்தார், முகாமுக்குள் தங்கமும் வெள்ளியும் வரக் கூடாது என்றார் என்று அப்பியன் எழுதியிருக்கிறார். அதையாவது சொல்லியிருக்கலாம். “விடுதலை கேட்டார் பாட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். பாட்டி உட்காரவில்லை, இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நின்றுகொண்டே இருந்தார்.

பேச்சைவிட மோசம் பேனர். ஸ்பார்டகஸ் படம் வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லியிருந்தேன். தாடையில் குழி விழுந்த ஒரு வெள்ளைக்கார அழகர் வந்து நின்றார். 1960-இல் வந்த சினிமாவின் கதாநாயகன் கிர்க் டக்ளஸ். அதைக்கூட மன்னிக்கலாம், நிஜ ஆளின் முகம் யாருக்கும் தெரியாதே. அடுத்த வருஷம் சொந்த மண்ணுக்குத் திரும்பி, விவசாயத் தொழிலாளர் தலைவர் பி. சீனிவாசராவ் படம் போடச் சொன்னேன். புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினேன். மேடைக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடியில் நடிகர் கோட்டா சீனிவாசராவ் முறைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பையன், “இவுரு ‘சாமி’ படத்துல வர்ற பெருமாள் பிச்சையாச்சே, நம்ம சங்கத்துலயா இருந்தாரு?” என்றான். நான் அந்த ஆண்டு சுருக்கமாகப் பேசினேன்.

நிஜ சீனிவாசராவ் தென் கன்னடத்துக்காரர், பிராமணர். 1943-இல் கீழத்தஞ்சைக்கு வந்து சேரியிலேயே படுத்து, சேரியிலேயே சாப்பிட்டு, தென்பரை, களப்பால் என்று ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். 1843-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அடிமை முறையை நீதிமன்றம் ஏற்காது என்று சொல்லிவிட்டான். நூறு வருஷம் கழித்தும் மிராசுதார் களத்தில் பண்ணையாளுக்குச் சவுக்கடி விழுந்தது. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். 1944-இல் ஒப்பந்தம் எழுதி, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்களைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு இங்கே அச்சடித்த பதில் இருக்கிறது. அடிக்காதே, சாணி ஊற்றாதே, கூலியைக் கூட்டிக் கொடு. 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட தகராறில்தான்.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சீனிவாசராவ் படம் போட்ட நான், அவரோடு அதே களப்பாலில் நின்ற குப்புவின் படத்தைப் போடவில்லை. பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து, பண்ணையாட்களைத் திரட்டி, சிறையிலேயே செத்தவர் களப்பால் குப்பு. அடிமைகளின் தலைவர் என்றால் முதலில் அவர்தானே வர வேண்டும்? படம் கிடைக்கவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். உள்ளே இருந்த கணக்கு வேறு. ‘ராவ்’ என்று பெரிய எழுத்தில் போட்டால் கடைத்தெருவில் நாலு பேர் நின்று படிப்பார்கள். ‘குப்பு’ என்று போட்டால் யார் நிற்பார்கள் என்று கணக்குப் போட்ட ஆள் நான்தான். வெளியிலிருந்து வந்து தோள் கொடுத்தவரின் பெயர் தங்குவதும், முதுகில் தழும்போடு எழுந்தவரின் பெயர் மங்குவதும் தானாக நடப்பதில்லை. என்னைப் போல ஃப்ளெக்ஸுக்கு மேட்டர் எழுதிக் கொடுக்கிறவர்கள் நடத்துகிறார்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. மகன் பிறந்தபோது இரணியன் என்று பெயர் வைப்பேன் என்று நின்றேன். 1950-இல் போலீஸ் சுட்டுக் கொன்ற வாட்டாக்குடி இரணியனின் நினைவாக. வெங்கடாசலம் என்று வீட்டில் வைத்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அசுரனின் பெயரை எடுத்துக்கொண்ட மனிதர். பிழைக்கப் போன சிங்கப்பூரிலும் தொழிற்சங்கம், ஊருக்குத் திரும்பியும் பண்ணையாட்கள் சங்கம். 1999-இல் முரளி நடித்துச் சினிமாவாகக்கூட வந்தது என்று என் மாமியாரிடம் வாதாடினேன். “பச்சப் புள்ளைக்கு ராட்சசன் பேரா மாப்ள?” என்று அவர் அழ ஆரம்பித்தார். சமரசம் பேசச் சித்தப்பா வந்தார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. பையன் பெயர் பிரகலாத். இரணியனுக்கு மகன்தானே என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். தலைவர்கள் தூக்குக்கயிற்றின் முன்னால் காட்டாத விட்டுக்கொடுத்தலை நான் தொட்டிலின் முன்னாலேயே காட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முயற்சி கூத்து. எங்கள் பக்கம் தோற்றவனை நினைக்கத் தெரியாத பூமி இல்லை. திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடந்தால் கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் எத்தனை பெரிதாகப் படுக்க வைக்கிறார்கள்! கூவாகத்தில் களப்பலியான அரவானுக்குத் தாலி அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனின் சாவை, செத்தவர் வீட்டுக் காரியத்தில் ‘கர்ண மோட்சம்’ என்று ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். செஞ்சிக் கோட்டையைச் சில மாதமே ஆண்டு 1714-இல் செத்துப்போன தேசிங்குக்குக் குதிரை உட்படப் பாட்டு இருக்கிறது. அப்படியென்றால் ஸ்பார்டகஸுக்கு ஏன் கூடாது? எழுதினேன். ‘ஸ்பார்டகஸ் வதம்’ என்று தலைப்பு. கொண்டுபோய்ச் செஞ்சிப் பக்கம் ஒரு கூத்து வாத்தியாரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார்.

“திரைக்குப் பின்னாலேர்ந்து வர்றப்ப இன்னார் மகன், இன்ன தேசத்து ராஜான்னு சொல்லிப் பாடணும் சார். இவன் யாரு மகன்?”

“அது தெரியாதுங்க வாத்தியாரே. திரேஸ் நாட்டுக்காரன்னு மட்டும் எழுதியிருக்காங்க.”

“சரி, கட்டை கட்டலாமா? கிரீடம், புஜம், மார்ப் பதக்கமெல்லாம்?”

“தங்கம் வெள்ளியே ஆகாதுன்ன ஆளு...”

“ஜிகினாவும் வேணாம்றீங்க. எதிராளி ராஜாவாச்சும் நேர்ல வருவானா?”

“ரோம்ல ராஜா கிடையாதுங்க, அது செனட்டு...”

வாத்தியார் வெற்றிலையை மடித்தார். “வதம்னு பேர் வெச்சிருக்கீங்க. கடைசில செத்தவன் ஒடம்ப யாரு தூக்கறாங்க?”

“ஒடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லைங்க.”

“அப்ப யாரு மடியில தலைய வெச்சி அழுவறது?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “இவனுக்கு ராஜா வேஷம் ஆவாது சார். கட்டியங்காரனா உள்ள வுடுங்க. ராஜாவை மூஞ்சிக்கு நேரா கேள்வி கேக்கறவன் அவன் ஒருத்தன்தான்” என்றார். கைகழுவி விடுகிறார் என்று நினைத்து, கோபமாகப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இன்னும் பரணில் கிடக்கிறது. என் பத்தாண்டு வாசிப்பில் நான் எட்டாத இடத்தை அவர் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் எட்டிவிட்டார் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

ஏனென்றால் நமக்குத் தெரிந்த மற்ற வழி, கும்பிடுவது. காத்தவராயனைக் கழுவேற்றினார்கள், மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். பிறகு ஊர் எல்லையில் சிலை வைத்துக் கோழி அறுத்தார்கள். கொன்றவன் வீட்டுப் பிள்ளைகளும் பொங்கல் வைக்கலாம், வழக்கு முடிந்தது. கிரீடம் வைத்துவிட்டால் அந்த ஆளின் பிழைகளையும் பேச முடியாது. ஹைட்டியில் அடிமைகளின் கலகத்தை நடத்திய டூசான் லூவெர்த்தூர், கையில் ஆட்சி வந்ததும் விடுதலை பெற்றவர்களையே தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டு வேலை வாங்கினார். முன்பு தானும் அடிமை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் வஞ்சகமாகப் பிடித்துக் கொண்டுபோய் 1803-இல் பனிமலைச் சிறையில் சாகவிட்டார்கள். இரண்டும் அவர்தான். சிலையிடம் கேள்வி கேட்க முடியாது. ‘என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார்’ என்று கோரிக்கையை வைத்துப் பேசினால் கேட்கலாம். அந்தப் பாட்டியின் கேள்வியைத்தான் சொல்கிறேன். ஒரு கலகத் தலைவரை நினைப்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் தெளிந்த பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். மாடியில் ஒரு அறை எடுக்கக் கல் வாங்கச் சூளைக்குப் போனேன். பொழுது சரியாக விடியவில்லை. ஒரு குடும்பம் மொத்தமும் கல் அறுத்துக்கொண்டிருந்தது; பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகள் ஈரக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். “அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க, சீசன் முடியாம எங்கயும் போவ மாட்டாங்க” என்று சூளைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். லோடுக்கு முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். நல்ல பேரம் என்று வீட்டில் சொன்னேன். கீழவெண்மணியின் அரைப்படிக்காக வருஷா வருஷம் டிசம்பரில் கண்கலங்குகிறவன், அந்த முந்நூறு யார் படியிலிருந்து அளந்தது என்று கேட்கவில்லை.

அட்வான்ஸ் என்கிற அந்தக் கடனைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். ஹைட்டி 1804-இல் சுதந்திரம் அடைந்தது. 1825-இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, எசமானர்களுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கொடு என்று பிரான்ஸ் எழுதி வாங்கியது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். தன்னையே விலைக்கு வாங்கிய கடனைத் தலைமுறை தலைமுறையாக அந்த நாடு அடைத்தது. கலகம் செய்து ஜெயித்தவர்களையே கடன் இப்படிக் கட்டிப்போட்டது என்றால், முன்பணத்துக்கு ரேகை வைத்துவிட்டுச் சூளைக்கு வந்த ஒரு குடும்பம் என்ன செய்யும்?

பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் திண்டிவனத்தில் பல வருஷங்களாக இருளர்களுக்காக மனு எழுதுகிறார்கள், வழக்கு நடத்துகிறார்கள். அங்கே போனால் உங்களுக்குப் பேச மேடை கிடைக்காது, மனு எழுத வேலை கிடைக்கும். நான் போகத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்லோ கரியோ கரும்போ வாங்கப் போகிற இடத்தில் விலையைக் கேட்கும்போது, வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், நினைத்த நாளில் அவர்கள் ஊருக்குப் போக முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதுங்கள். திண்டிவனத்தில் சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, ஆளைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கினால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அந்த முன்பணத்தில் ஒரு பைசாகூட யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை.